ஒரு நாள் முந்தி வந்த சோறு

அக்காவின் சமையலறையில் கிரைண்டருக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. அதன் மூடி வாங்கும்போது என்ன நிறத்தில் இருந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அவ்வளவு ஸ்டிக்கர்கள். மின்னல் கீற்று, அறுகோணம், கண்ணடிக்கும் நரி, பெயர் தெரியாத ஒரு பறவை. ஒவ்வொன்றும் வலைத்தளம் கட்டுவதற்கான ஏதோ ஒரு கருவியின் சின்னம். ஒட்டியவர் அத்தான், அக்காவின் கணவர். ஒரு கருவியை விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது பழைய ஸ்டிக்கரை உரிக்க மாட்டார், அதன் மேலேயே புதியதை ஒட்டிவிடுவார். கையால் தடவினால் சில இடங்களில் மேடு தட்டும். அந்த மேடுகளின் மேல் இப்போது கோதுமை மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து கிடக்கின்றன. அக்கா துடைப்பதுண்டு, உரித்ததில்லை.

நானும் புரோகிராமர்தான். மும்பையில், விக்ரோலியில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு கட்டிடத்தில் உட்கார்ந்து, பொத்தான் எந்த நீலத்தில் இருக்க வேண்டும் என்று நாலு பேர் வாக்குவாதம் செய்வதைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறேன். நானும் அக்காவும் தாராவியில் வளர்ந்தோம். அக்காவுக்குச் செம்பூரிலிருந்து வரன் வந்தபோது எங்கள் சர்ச் சபையில் அதுதான் பேச்சு. "கம்ப்யூட்டர் மாப்பிள்ளை" என்று அப்பா சொல்லும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அழுத்தம் கொடுப்பார். அத்தான் பார்க்க லட்சணமானவர், நன்றாகப் பேசுவார், விரல்கள் கீபோர்டில் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் யாருக்கும் மரியாதை வந்துவிடும். எனக்கும் வந்தது. குடும்பத்தில் என் வேலையைப் பற்றி என்னோடு பேசக்கூடிய ஒரே ஆள் அவர்தான் என்பதில் எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது. அதை இப்போது எழுதும்போது வாய் கசக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து அக்கா வீட்டில் சாப்பிட்ட பிறகு நாங்கள் இருவரும் சண்டை போடுவோம். சண்டை எப்போதும் பேக்கேஜ்களைப் பற்றித்தான். முகம் தெரியாத யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைத்துவிட்டுப் போகிற ஆயத்த நிரலுக்குத்தான் பேக்கேஜ் என்று பெயர். ஒன்றை இறக்கினால் அது தனியாக வராது. கல்யாணத்துக்கு ஒரு ஆளை அழைத்தால் அவர் ஒன்றுவிட்ட சித்தப்பா வரைக்கும் கூட்டிக்கொண்டு வருவதுபோலத் தன் உறவுக்காரப் பேக்கேஜ்களை எல்லாம் கூட்டிவரும். ஒரு எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றக்கூடப் பேக்கேஜ் தேடும் ஆட்களைக் கண்டால் எனக்கு எரியும். ஒரு பக்கத்தில் நாலு வரி காட்ட எதற்கு இத்தனை கட்டுமானம் என்று கேட்பேன். பிரவுசருக்கே தெரிந்த வேலையை அதனிடமிருந்து பிடுங்கி, நாமே அரைகுறையாகச் செய்து, பிறகு அதை வேகமாக்க இன்னொரு கருவி வாங்குகிறோம் என்பேன். சேமிக்கும் பொத்தான் வேலை செய்யாத தளத்துக்கு இரவு நிறம், பகல் நிறம் என்று இரண்டு வேஷம் எதற்கு என்பேன். அத்தான் சிரிப்பார். "ஏட்டி, ஒனக்குப் புதுசுன்னாலே அலர்ஜி. நீயெல்லாம் அம்மிலதான் அரைக்கணும்" என்பார். நான் புதியதற்கு எதிரி இல்லை. எண் வர வேண்டிய இடத்தில் எழுத்தைப் போட்டால் எழுதும்போதே எச்சரிக்கும் கருவி வந்தபோது முதலில் கொண்டாடியவள் நான்தான். எனக்குப் பிடிக்காதது வேறு. ஒரு கருவியைக் கற்றுக்கொண்டு அதில் ஒரு வேலையை முடிக்கும் முன்பே, அது பழசாகிவிட்டது என்று உதட்டைப் பிதுக்குகிற அந்தப் பழக்கம்.

அக்காவுக்கு டப்பா சாப்பாட்டுத் தொழில். செம்பூரிலும் விக்ரோலியிலும் தனியாக இருக்கும் தமிழ்ப் பையன்களுக்கு மதியச் சாப்பாடு. அது தினமும் ஒரே வழியில் ஓடும் வேலை. அதற்கு மேல் விசேஷ ஆர்டர் வரும்: ஞானஸ்நானம், நிச்சயதார்த்தம், வீட்டு ஜெபக்கூட்டம். வீட்டு அடுப்பை விட்டு வெளியே வந்து தனியாக ஒரு சமையல்கூடம் எடுக்க வேண்டும், தன் பெயரில் ஒரு பலகை தொங்க வேண்டும் என்பது அவள் ஆசை. அது விசேஷ ஆர்டர்களை நம்பித்தான் இருந்தது. விசேஷ ஆர்டர் என்பது விளம்பரத்தில் வருவதில்லை. ஒரு சபையில் ஒருத்தி சாப்பிட்டுவிட்டு இன்னொருத்தியிடம் சொல்ல வேண்டும். அக்கா சேர்த்து வைத்திருந்தது அந்தப் பேச்சைத்தான்.

அவளுக்கு ஆர்டர் எடுக்க ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அழகில்லாத பக்கம். பெயர், தேதி, எத்தனை பேர், என்ன சமையல், அவ்வளவுதான். தேதிக்கு மட்டும் ஒரு பழைய பேக்கேஜ் சேர்த்திருந்தேன். வாடிக்கையாளர் என்ன தேதி குறிக்கிறாரோ அதை அப்படியே வைத்துக்கொள்ளும், சொந்தமாக யோசிக்காது. அந்தப் பக்கம் ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் ஓடியது. அதுதான் அத்தானுக்குப் பொறுக்கவில்லை. அவர் ஒரு கம்பெனி வேலையை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தயாராகிக்கொண்டிருந்த காலம் அது. புதுக் கருவி எது வந்தாலும் பழகிப் பார்க்க அவருக்கு ஒரு மைதானம் வேண்டியிருந்தது. பெண்டாட்டியின் தொழில் பக்கத்திலேயே இருந்தது. மூன்று தடவை அந்தப் பக்கத்தை அடியோடு மாற்றி எழுதினார். ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்டிக்கர் ஏறியது. ஒவ்வொரு தடவையும் அக்கா எதை அழுத்தினால் எது வரும் என்று புதிதாகக் கற்றுக்கொண்டாள். "அவிய எனக்காகத்தான செய்யுதாவ" என்று என்னிடம் சொல்வாள்.

இன்னொன்றும் செய்தார். விசேஷத்துக்கு முதல் நாள் ஆர்டர் கொடுத்த வீட்டுக்கு அக்கா போன் போட்டு, "நாளைக்குத்தானே, எத்தன மணிக்குக் கொண்டாரட்டும்?" என்று கேட்பது வழக்கம். அதை நிறுத்தச் சொன்னார். "எல்லாம் ஆட்டோமேட்டிக் ஆயிடுச்சி. இன்னும் போன் பண்ணிக் கேட்டியன்னா கஸ்டமர் நம்மளச் சின்னத் தந்தான்னு நினைப்பான்" என்றார். தந்தா என்றால் இங்கே தொழில். அக்கா நிறுத்திவிட்டாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை, மூன்று தடவையும் தப்பிப் பிழைத்திருந்த அந்தத் தேதிப் பேக்கேஜ் மேல் அவர் கண் பட்டது. அதை எழுதியவர்களே, இது பழசு, புதிதாகக் கட்டுபவர்கள் வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்திருந்தார்கள். ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அத்தானுக்குத் தன் வீட்டில் ஒரு பழைய பேக்கேஜ் இருப்பது, விருந்தாளி வரும் நேரத்தில் கிழிந்த பாய் கிடப்பதுபோல. அன்றைக்கே தூக்கிவிட்டு எடை குறைந்த, எல்லோரும் பேசிக்கொண்டிருந்த ஒரு புதிய பேக்கேஜை வைத்தார். இருக்கிறதை விட்டுவிட்டுப் பறக்கிறதைப் பிடிப்பது என்பது இதுதான். அந்தப் புதிய பேக்கேஜ் தேதியை வெறும் தேதியாகப் பார்க்காது. அந்தத் தேதி பிறக்கிற நொடியாகப் பார்க்கும், அந்த நொடியை லண்டன் மணிக்கணக்கில் எழுதி வைக்கும். நம் ஊரில் புதன்கிழமை பிறக்கும்போது லண்டனில் இன்னும் செவ்வாய்க்கிழமை மாலைதான். ஆக, புதன் என்று ஒருவர் குறித்தால் சமையலறைக்குச் செவ்வாய் என்று வந்து சேரும். லண்டனுக்குக் கிழக்கே இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருந்தது. லண்டனுக்கு மேற்கே, இந்தத் தொல்லை இல்லாத இடத்தில் உட்கார்ந்து யாரோ போட்ட வீடியோ ஒன்றைப் பார்த்து அத்தான் அதைப் பொருத்தினார். கையேட்டைப் பிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த முதல் விசேஷ ஆர்டர் சீத்தா கேம்ப்பிலிருந்து. ஒரு பெரியம்மா, கணவரை இழந்தவர். அவர் போய் ஒரு வருஷம் நிறைகிற நாளில் வீட்டில் நினைவு ஜெபக்கூட்டம், வருகிறவர்களுக்குச் சாப்பாடு. ஆர்டர் போட்டது மஸ்கட்டில் இருக்கும் மகன். அவரால் வர முடியவில்லை, சாப்பாட்டையாவது தன் கையால் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அங்கிருந்தபடியே எங்கள் பக்கத்தில் குறித்திருக்கிறார். பெரியம்மாவின் சபை அக்காவின் கைப்பக்குவம் இன்னும் நுழையாதது. டிராம்பே பக்கம் முழுக்க அந்தச் சபைக்காரர்கள்தான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நான் லீவு போட்டுக்கொண்டு உதவிக்குப் போனேன். ஆட்டுக்கறிக் குழம்பு, சோறு, முட்டைக்கோஸ் பொரியல், ரசம். எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றினோம். அத்தான் வாசல் வரை வந்து, "பாத்தியா, ஒரு போன் இல்ல, ஒரு பேச்சு இல்ல. மஸ்கட்லேருந்து ஆர்டர் வருது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். செவ்வாய்க்கிழமை மாலை.

சீத்தா கேம்ப்பில் டெம்போ போகிற வரைக்கும் போய், அதற்கு மேல் பாத்திரங்களைச் சந்துக்குள் தூக்கிக்கொண்டு நடந்தோம். வீட்டு வாசலில் நாற்காலிகள் இல்லை. உள்ளே பெரியம்மா தரையில் உட்கார்ந்து, கணவர் படத்தை மடியில் வைத்து, ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களையும் பாத்திரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்கில்லா ஜெபம்?" என்றார். அக்கா தன் போனை எடுத்துப் பார்த்தாள். அதில் செவ்வாய் என்றுதான் இருந்தது. அதைக் காட்டுவதற்காகக் கையை நீட்டியவள், பாதியில் மடக்கிக்கொண்டாள். ஒரு மனைவியிடம் அவள் கணவர் இறந்த தேதியைப் போனில் காட்டித் திருத்துவதா.

சமாளிக்க முதலில் வாயைத் திறந்தவள் நான்தான். சோறு போக மற்றதைச் சூடு பண்ணி நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், இன்றைக்குக் கொஞ்சம் நீங்கள் சாப்பிடுங்கள் என்று ஏதோ சொன்னேன். பெரியம்மா கோபப்படவில்லை. படத்தைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "போன வருஷம் இன்னைக்கி அவிய உசுரோட இருந்தாவ. இந்தா, இந்தக் கட்டில்ல உக்காந்து கஞ்சி குடிச்சாவ. அவிய இருக்கும்போதே அவியளுக்கு வச்ச சோத்த நான் எப்படி திங்க?"

அக்கா மூடியைக் கூடத் திறக்காமல் பாத்திரங்களைத் திருப்பித் தூக்கச் சொன்னாள். அந்தச் சோற்றை வரும் வழியில் யார் யாருக்கோ கொடுத்தோம்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அத்தான் லேப்டாப்பைத் திறந்தார். காரணத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரம் பிடிக்கவில்லை, கெட்டிக்காரர்தான். "பேக்கேஜ்லதான் லோச்சா. அத எழுதினவன் தப்பு" என்றார். லோச்சா என்றால் இங்கே கோளாறு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கையேட்டை என் போனில் எடுத்து அந்த வரியைக் காட்டினேன். "இத இவ்வளவு பொடி எழுத்துல போட்டா எவன் பாப்பான்?" என்றார். அக்கா அடுப்பை மறுபடி பற்ற வைத்துக்கொண்டே, இரைந்து பேசாமல் கேட்டாள்: "நாளைக்கி நான் திரும்ப ஆக்கிக் கொண்டு போறேன். நீங்களும் வாங்க. அந்த வாசல்ல நின்னு, நான்தான் மாத்துனேன், தப்பா போச்சின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்." அத்தான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரூட் காஸ் முழுசாத் தெரியாம எப்படி மன்னிப்பு கேக்க? மொதல்ல நான் இஷ்யூ போடுதேன்" என்றார்.

இஷ்யூ என்பது பேக்கேஜ் எழுதியவரின் பக்கத்தில் போய்ப் புகார் பதிவது. புதன்கிழமை முழுக்க அதை எழுதினார். நல்ல இங்கிலீஷ். என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று தலைப்புப் போட்டு, படங்கள் சேர்த்து எழுதினார். நடந்ததன் தீவிரம் புரிய வேண்டும் என்பதற்காக இறந்தவரின் நினைவு நாள் விருந்து தேதி மாறிப்போனதையும் சேர்த்திருந்தார். அந்தப் பெரியம்மா அவருக்கு ஒரு உதாரணமாகப் பயன்பட்டார். அத்தான் எழுதிக்கொண்டிருந்த அறைக்கு அடுத்த அறையில் அக்கா இரண்டாம் முறையாக அதே கறியை வதக்கிக்கொண்டிருந்தாள். டப்பா வாடிக்கையாளர்களுக்கு அன்றைக்குச் சாப்பாடு இல்லை என்று நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். மாலையில் நாங்கள் இருவர் மட்டும் போனோம். பாஸ்டர் ஜெபித்தார், எல்லோரும் சாப்பிட்டார்கள், பெரியம்மாவும் சாப்பிட்டார். கை கழுவுகிற இடத்தில் ஒரு அம்மா இன்னொருவரிடம், "நேத்தே கொண்டாந்துட்டாளாம். துக்க வீட்டுத் தேதிகூடவா சரியா குறிக்கத் தெரியாது?" என்றார். அக்கா அப்போது அந்த அம்மாவுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பெரியம்மாவைத் தவிர அந்தச் சபையிலிருந்து பிறகு யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. பேச்சு மற்ற சபைகளுக்கும் போயிற்று. சமையல்கூடத்துக்குப் பார்த்து வைத்திருந்த இடம் இன்னொருவருக்குப் போயிற்று. அக்கா அதைப் பற்றி அழுததை நான் பார்த்ததில்லை.

புகாருக்குப் பதில் வந்தது. எழுதியவர் ஏதோ ஒரு குளிர் நாட்டுக்காரர். பகலில் வேறு வேலை, மிச்ச நேரத்தில் இந்தப் பேக்கேஜ். அதற்காக யாரிடமும் எதையும் வாங்காதவர். இது பிழையல்ல, கையேட்டில் எச்சரித்திருக்கிறேன், ஆனாலும் இன்னும் மேலே தூக்கிப் பெரிதாகப் போடுகிறேன் என்று எழுதியிருந்தார். அத்தான் அந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டார். "பாத்தியா, மாத்துதேன்ங்கான். அப்ப அவன் தப்புதான" என்று அக்காவிடம் ஜெயித்த குரலில் சொல்லிவிட்டு வெளியே போனார். மிச்சத்தை நான் படித்தேன். அந்த மனிதர் கீழே இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தார்: அந்தக் குடும்பம் அன்றைக்கு எப்படிச் சமாளித்தது, விருந்து நடந்ததா, நான் எழுதிய ஒன்று அப்படி ஒரு வீட்டில் போய்த் துக்கம் கொடுத்ததை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது, என் வருத்தத்தை அந்த அம்மாவிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். "அவரு யாருன்னே தெரியாதுல்ல ஒனக்கு?" என்றாள். தெரியாது என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிச் சீத்தா கேம்ப் போனாள். பெரியம்மா காப்பி போட்டுக் கொடுத்தார். அக்கா, "பெரியம்மா, அந்தக் கம்ப்யூட்டர்ல தேதி மாறிப்போனதுக்கு அத எழுதினவிய ரொம்ப வருத்தப்படுதாவ. அன்னைக்கி நீங்க எப்படி சமாளிச்சியன்னு கேட்டாவ. ஒங்ககிட்ட மன்னிப்பு கேக்கச் சொன்னாவ" என்றாள். பெரியம்மாவின் முகம் இளகியது. "யாரு, ஒன் வீட்டுக்காரரா?" என்றார்.

அக்கா கையிலிருந்த தம்ளரைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும், அப்போ உன் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று. "ஆமா பெரியம்மா" என்றாள். "நேர்ல வர வெக்கப்பட்டிருப்பாரு, பாவம். தங்கமான மனுஷன்" என்றார் பெரியம்மா. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் இப்போது பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறார், கிறிஸ்துமஸுக்கு வருவார். எந்தக் கருவி நல்லது, எந்தப் பேக்கேஜை நம்பலாம் என்று மேடைகளில் பேசுகிறார். ஒரு பேச்சைப் பார்த்தேன். தேதியைக் கையாள்வதில் வரும் ஆபத்துகளைப் பற்றித் தன் அனுபவத்தில் கற்ற பாடம் என்று சொன்னார். அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. அவருக்குப் புது லேப்டாப். பழையது அக்காவிடம் வந்தது. அதில் நான் திரும்ப எழுதிக் கொடுத்த அழகில்லாத பக்கம் ஓடுகிறது, ஒரு பேக்கேஜ்கூடச் சேர்க்காமல். அக்கா இன்னும் வீட்டு அடுப்பில்தான் சமைக்கிறாள். விசேஷ ஆர்டர் எப்போதாவது வரும். வருஷம் தவறாமல் வருவது பெரியம்மா வீட்டு நினைவு நாள் ஒன்றுதான்.

இந்த வருஷம் அதற்கு முதல் நாள் நான் அங்கே இருந்தேன். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பூண்டு உரித்துக்கொண்டே பேசினாள். "பெரியம்மா, நாளைக்குத்தானே?" "ஆமா மக்ளே, நாளைக்குத்தான்." எத்தனை பேர், எத்தனை மணி என்று பேசி முடித்த பிறகு பெரியம்மா வழக்கம்போலக் கேட்டார்: "ஒன் வீட்டுக்காரரு சுகமா இருக்காரா? நான் தெனமும் ஜெபத்துல அவரு பேரச் சொல்லுதேன், கேட்டியா. மஸ்கட்ல இருக்க எம் பையனுக்குக்கூட அன்னைக்கி நான் எப்படி சமாளிச்சேன்னு கேக்கத் தோணல."

"நல்லா இருக்காவ பெரியம்மா" என்றாள் அக்கா.

அத்தானுக்காக மனதார ஜெபிக்கிற ஒரே வீடு அதுவாகத்தான் இருக்கும். அந்த நல்ல பெயரும் அவர் எழுதியதல்ல. யாரோ எழுதி வைத்ததை இறக்கிக்கொண்டது. அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அக்கா ஈரத் துணியை எடுத்து லேப்டாப்பின் மூடியை, நரியையும் பறவையையும் மின்னலையும், ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பெரியம்மா படத்தின் கண்ணாடியைத் துடைத்ததுபோலத்தான் துடைத்தாள். அந்தப் படத்தில் இருந்தவர் இறந்துவிட்டார். இவர் பெங்களூரில் இருக்கிறார்.